பில்டப் பெரிசா, அடி பெரிசா?

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை மூன்றரை மணி. திருமுல்லைவாயிலில் அந்த நேரத்துக்கு விழித்திருப்பவர்கள் மூன்று வகை: பால் வண்டிக்காரர்கள், தெரு நாய்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவர்கள். அன்றைக்கு நாலாவது வகையாக நானும் சேர்ந்தேன். அலாரம் வைத்தது நான். எழுந்தது என் மனைவி.

"ரெண்டு தடியனுங்க அடிச்சுக்கறதைப் பார்க்க அலாரம் வெச்சு எழுந்துக்கறீங்களே... மார்கழி மாசம் ஒரு நாளாவது கோயிலுக்கு எழுந்திருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. அதனால் பதில் சொல்லாமல் ஹாலுக்கு வந்துவிட்டேன்.

ஹாலில் ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவன் என் சிநேகிதன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். சந்தா கட்டி, லேப்டாப்பை எங்கள் டி.வி.யில் சொருகி, தயாராக உட்கார்ந்திருந்தான். இன்னொருவர் எங்கள் ஹவுஸ் ஓனர். எழுபதைத் தாண்டியவர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து, ரிடையர் ஆன பணத்தில் இங்கே மனை வாங்கிக் கட்டினவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஹார்பர் தாத்தா.

"தாத்தா, இது நூற்றாண்டின் சண்டை!" என்றான் சிநேகிதன்.

"நூறு வருசத்துக்கு ஒரு தபாதானப்பா வரணும்? எனக்கு எழுபத்து மூணு வயசு ஆவுது. இத்தோட எட்டு நூற்றாண்டு பார்த்துட்டேன்" என்றார் தாத்தா.

அன்றைக்குத்தான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி எனக்குள் விழுந்தது. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இரண்டு பேர் மோதப்போகிறார்கள் என்றால் ஒரு வருஷத்துக்கு முன்னாலிருந்தே மேளம் கொட்டுகிறார்கள். அந்த மேளத்துக்குத் தகுந்த கல்யாணம்தானா அது? அல்லது, பத்திரிகை மட்டும் தடியாக அடித்துவிட்டு, பந்தியில் உப்புமா போடுகிற கேஸா?

ரிங்கில் அன்றைக்கு யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர் டைஸன் ஃப்யூரி. 6 அடி 9 அங்குலம். குறைப்பிரசவத்தில் ஒரு பவுண்டு குழந்தையாகப் பிறந்தவர். பிழைத்துக்கொண்டதால் அப்பா அவருக்கு மைக் டைஸன் பெயரை வைத்தார். 2015ல் கிளிட்ஷ்கோவைத் தோற்கடித்து சாம்பியனாகி, அதன் பிறகு மனச்சோர்வில் விழுந்து, ஏகத்துக்கும் உடம்பு பெருத்து, "இவன் கதை முடிஞ்சது" என்று எல்லோரும் கைகழுவிய பிறகு திரும்பி வந்தவர். மறு பக்கம் உக்ரைன்காரர் ஒலெக்ஸாண்டர் உஸிக். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தங்கம். ஒரு படி கீழே இருக்கும் குரூஸர்வெயிட்டில் எல்லா பெல்ட்டையும் வாரிக்கொண்டு, போதாதென்று ஹெவிவெயிட்டுக்கு ஏறி வந்து ஆண்டனி ஜோஷுவாவை 2021லும் 2022லும் இரண்டு தடவை ஜெயித்தவர். இரண்டு பேருமே அதுவரை தோற்றதே கிடையாது.

பெல்ட் கணக்கு புரியாதவர்களுக்கு: குத்துச்சண்டையில் நாலு சங்கம். நம் எஸ்டேட்டில் ஒரே கேட்டில் நாலு யூனியன் கொடி பறக்கிற மாதிரி. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு சாம்பியன். சந்தேகமில்லாமல் இவன்தான் உலகச் சாம்பியன் என்று ஒருவனைச் சொல்லவேண்டுமானால் எல்லா பெல்ட்டும் ஒரே இடுப்புக்கு வரவேண்டும். ஹெவிவெயிட்டில் அது கடைசியாக நடந்தது 1999 நவம்பரில். லெனாக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்டை ஜெயித்தபோது. அதற்கப்புறம் 24 வருஷம் நாற்காலி காலி.

ஆக, விஷயம் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி எத்தனை கூத்து! 2023ல் வெம்ப்ளியில் நடக்கும் என்றார்கள். ஃப்யூரி, வருகிற பணத்தில் எனக்கு 70, உனக்கு 30 என்றார். உஸிக் சரி என்று சொல்லிவிட்டார். சரி என்று சொன்ன பிறகும் பேச்சுவார்த்தை முறிந்தது. (எங்கள் சித்தப்பா வீட்டுச் சம்பந்தம் ஒன்று இப்படித்தான் முறிந்தது. அவர்கள் கேட்டதை எல்லாம் செய்கிறேன் என்று சொன்னதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.) அப்புறம் டிசம்பர் 23 என்றார்கள். அப்புறம் 2024 பிப்ரவரி 17. பயிற்சியில் ஃப்யூரிக்குக் கண்ணுக்கு மேல் கிழிந்தது, அதுவும் போச்சு. கடைசியில் மே 18, சவூதியில் ரியாத் நகரம்.

அந்த வாரம் நடந்ததுதான் உச்சம். ஃப்யூரியின் அப்பா, உஸிக் கோஷ்டியைச் சேர்ந்த ஒரு சின்னப் பையனைத் தலையால் முட்டினார். முட்டியதில் ரத்தம் வந்தது முட்டினவர் நெற்றியில். மாப்பிள்ளை இன்னும் மணவறைக்கே வரவில்லை, அதற்குள் சம்பந்தி கட்டோடு நிற்கிறார்.

"இத்த எதுக்குக் காட்றான்?" என்றார் தாத்தா.

"பில்டப் தாத்தா."

"அதுக்கு இன்னா காசு?"

நல்ல கேள்வி. நான் பி.காம். அக்கவுண்டன்ஸியில் குட்வில் என்று ஒரு ஐட்டம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொடமுடியாது. ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். நாளைக்கு லாபம் வரும் என்ற நம்பிக்கைக்கு இன்றைக்குப் போட்டுக்கொண்ட விலை அது. வரவில்லையென்றால் ஒரு நாள் எழுதித் தள்ளத்தான் வேண்டும். குத்துச்சண்டைக்காரர்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது பணத்தை. நம் தலையில் கட்டுவது குட்வில்லை.

எழுதித் தள்ளிய கணக்கு எத்தனையோ. ரிடிக் போவ் என்று ஒரு சாம்பியன். 1988 ஸியோல் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியில் லெனாக்ஸ் லூயிஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றவர். 1992ல் உலகச் சாம்பியனானார். லூயிஸ் சும்மா இருப்பாரா, வா என்றார். உலகமே கை தட்டக் காத்திருந்தது. போவ் என்ன செய்தார் தெரியுமா? அந்த டிசம்பரில் லண்டனுக்குப் போய், நிருபர்களைக் கூப்பிட்டு, தன் பெல்ட்டுகளில் ஒன்றைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸோடு மோதவேண்டும் என்று சொன்ன சங்கத்தின் பெல்ட் அது. கடைசிவரை அந்த இரண்டு பேரும் தொழில்முறை ரிங்கில் சந்திக்கவே இல்லை. அசல் குட்வில் நஷ்டம்!

2024 நவம்பரில் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 58 வயது மைக் டைஸனும், 27 வயது ஜேக் பால் என்கிற வீடியோப் புகழ்ப் பையனும். நம்ம ஊர் நேரத்துக்கு சனிக்கிழமை காலை. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் குனிந்த தலை நிமிராமல் 'வேலை' பார்த்தார்கள். படம் பாதி நேரம் சுற்றிக்கொண்டே நின்றது. நிஜமாகச் சொன்னால், சுற்றிக்கொண்டு நின்ற நேரம்தான் விறுவிறுப்பாக இருந்தது. அன்றைக்கு நமக்கு ஒரே ஆறுதல், முன்னால் நடந்த ஒரு சண்டையில் நம்ம நீரஜ் கோயத் பிரேஸில்காரர் ஒருவரை ஜெயித்தது.

சரி, ரியாத்துக்கு வருவோம்.

முதல் நாலைந்து ரவுண்டு ஃப்யூரி கோமாளித்தனம் பண்ணினார். மூலையில் சாய்ந்துகொண்டு கையை விரித்தார், நாக்கைத் துருத்தினார். ஆனால் நடு ரவுண்டுகளில் கீழிருந்து மேலே குத்துகிற அப்பர்கட் ஒவ்வொன்றும் உஸிக்கின் தலையைப் பின்னால் தள்ளியது. "போச்சு, சின்னவன் போச்சு" என்றான் சிநேகிதன். தாத்தா பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "கால பாரு" என்றார். "மூஞ்சப் பார்க்காத. அந்தக் குட்டையன் கால பாரு. இன்னும் ஆடிக்கினே இருக்குது."

எட்டாவது ரவுண்டில் ஃப்யூரியின் மூக்கு உடைந்த மாதிரி ஆயிற்று. ஒன்பதாவதில் உஸிக்கின் இடது கை ஒன்று சரியாகப் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அந்த மலை, கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கக் கயிறிலிருந்து மறு பக்கக் கயிறுக்கு உருண்டது. உஸிக் துரத்தித் துரத்திக் குத்துகிறார். விழாமல் கயிறு தாங்கிக்கொண்டது. ரெஃப்ரி இடையில் புகுந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்ததும் மணி அடித்துவிட்டது.

எங்கள் ஹாலில் மூன்று பேரும் எழுந்து நின்றிருந்தோம். மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். "பாவங்க, அந்தப் பெரியவனை விடச் சொல்லுங்க" என்றாள்.

ஃப்யூரி விடவில்லை. பத்தாவது ரவுண்டுக்கு எழுந்து வந்தார். 12 ரவுண்டும் நின்றார். மூன்று நடுவர்களில் ஒருவர் உஸிக்குக்கு 115-112, இன்னொருவர் ஃப்யூரிக்கு 114-113, மூன்றாமவர் உஸிக்குக்கு 114-113. உஸிக் ஜெயித்தார். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பி.காம். புத்திக்கு அதுதான் முதலில் பட்டது. ஒன்பதாவது ரவுண்டில் ரெஃப்ரி எண்ணியதற்காக ஃப்யூரிக்கு ஒரு பாயிண்ட் கூடுதலாகக் குறைந்தது. அந்த ஒரு பாயிண்ட் இல்லையென்றால் மூன்றாமவர் கணக்கு 114-114. ஒருவர் இவருக்கு, ஒருவர் அவருக்கு, ஒருவர் சமம். சண்டையே டிரா! 24 வருஷக் காலி நாற்காலி இன்னும் கொஞ்ச நாள் காலியாகவே இருந்திருக்கும். சில விநாடி எண்ணிக்கையில் இருந்தது அந்த நாற்காலி.

இதற்கு எத்தனை மேளம் கொட்டினாலும் தகும் என்பது என் கட்சி. காரணம், 12வது ரவுண்டு மணி அடிக்கிறவரை யார் ஜெயிப்பார் என்று ரிங்கில் இருந்த இருவருக்கும் தெரியாது. பில்டப்பில் ஆயிரம் பொய் இருக்கலாம். 'முடிவு தெரியாது' என்ற ஒன்று மட்டும் பொய்யாக இருக்கக்கூடாது.

தாத்தா இன்னொரு கட்சி. "இதெல்லாம் செரி. தோத்தவன் இப்போ எந்தத் தெருவுல நடப்பான்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்.

வடசென்னையில் ஒரு காலத்தில் 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று நோட்டீஸ் அடித்து நடத்துவார்கள். அந்த 'ரோஷமான'வைக் கவனியுங்கள். உலகத்தில் எந்த விளம்பரக் கம்பெனியும் ஒரே வார்த்தையில் இவ்வளவு பில்டப் கொடுத்ததில்லை. வெள்ளைக்கார சோல்ஜர்களும் மாலுமிகளும் ஆடிய ஆட்டத்தைத் துறைமுகத்து ஆட்களும் மீனவர்களும் பிடித்துக்கொண்டு தங்கள் ஆட்டமாக ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கோஷ்டிகள். பரம்பரை என்றால் ரத்த சம்பந்தம் இல்லை. ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் ஒரு பரம்பரை. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் 2021 ஜூலையில் வந்தபோது ஊரே கபிலனையும் வேம்புலியையும் டான்ஸிங் ரோஸையும் பேசியது. தாத்தா மட்டும் படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எங்காளு தோத்தா, மறுநாளு தண்ணி லாரிகிட்ட எங்கம்மா குடத்த வைக்க முடியாது. 'இன்னாம்மா, உங்க பரம்பரை மண்ணக் கவ்விக்கிச்சாமே'ன்னு கேப்பாளுங்க. குத்து வாங்கினவன் ஒருத்தன். வலி நாப்பது வீட்டுக்கு. ஜெயிச்சாலும் இன்னா? தோள்ல தூக்கிக்கினு போவாங்க, மாலை போடுவாங்க. மறுநாளு காலையில மூட்டை தூக்கத்தானே போவணும்?"

கலாட்டா, கோஷ்டிச் சண்டை, போலீஸ் கெடுபிடி என்று அந்த ஆட்டமே பிற்பாடு தேய்ந்து போயிற்று. எண்பது தொண்ணூறுகளில் பிறந்த என் மாதிரி ஆட்களுக்கு அது வெறும் கதை.

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. முகமது அலி, ஜோ ஃப்ரேஸியர்.

உலகத்தில் இதுவரை கொட்டிய மேளங்களிலேயே பெரிய மேளம் அதுதான். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிஸன் ஸ்கொயர் கார்டன். இருவரும் அதுவரை தோற்காதவர்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர், அந்தக் காலத்து டாலர். பாடகர் ஃப்ராங்க் ஸினாட்ரா பத்திரிகைக்காக போட்டோ எடுக்கிற சாக்கில் ரிங் ஓரத்தில் இடம் பிடித்தார். 15வது ரவுண்டில் ஃப்ரேஸியரின் இடது கை ஹூக் ஒன்றில் அலி மல்லாந்தார். எழுந்தார். ஆனால் தோற்றார். 1974ல் இரண்டாவது, அலி ஜெயித்தார். 1975 அக்டோபர் 1, மணிலா. அமெரிக்காவில் ராத்திரி ஷோ ஓடவேண்டும் என்பதற்காக பிலிப்பைன்ஸில் காலை பத்தே முக்கால் மணிக்குச் சண்டை வைத்தார்கள். வெயிலும் புழுக்கமும் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி. 14 ரவுண்டு. ஃப்ரேஸியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. கடைசி ரவுண்டுக்கு எழுந்தவரை, பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஜெயித்த அலி, சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது என்றார்.

சண்டை, கொட்டிய மேளத்தைவிடப் பெரிதாக இருந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் மேளத்துக்கு யார் தோலை உரித்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னதற்காக 1967ல் அலியின் லைஸென்ஸைப் பறித்தார்கள். மூன்றரை வருஷம் வேலை இல்லை. அந்தச் சமயத்தில் அவருக்குப் பண உதவி செய்து, லைஸென்ஸ் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று அவருக்காகப் பேசியவர் இதே ஃப்ரேஸியர். அப்புறம் சண்டை நிச்சயமானது. டிக்கெட் விற்கவேண்டுமே! அலி வாயைத் திறந்தார். வெள்ளைக்காரனின் கைக்கூலி என்றார். மணிலாவுக்கு முன்னால் கொரில்லா என்றார். ஒரு சின்ன ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக்கொண்டு நிருபர்கள் முன்னால் அதைக் குத்திக் காட்டினார். உலகமே சிரித்தது. தெற்குக் கரோலினாவில் கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அலியைவிட எத்தனையோ மடங்கு கஷ்டப்பட்டு வந்த கறுப்பர் ஃப்ரேஸியர். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானார்கள்.

அந்த மனிதர் அதை மறக்கவே இல்லை. குத்து ஆறிவிட்டது, பேச்சு ஆறவில்லை. 2001ல், சண்டைக்கு விளம்பரத்துக்காக அப்படிப் பேசிவிட்டேன், தப்புதான் என்று அலி ஒரு பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைப் பத்திரிகையிடம் கேட்டாரே தவிர என்னிடம் கேட்கவில்லை என்று அப்புறம் குறைப்பட்டார் ஃப்ரேஸியர். 2011 நவம்பரில் அவர் இறந்தபோது, பார்க்கின்ஸன்ஸ் நோயில் கைகால் நடுங்க, அலி ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் அலிய நேர்ல பார்த்திருக்கேன்" என்றார்.

ஆமாம். 1980ல் அலி மதராஸுக்கு வந்தார். அப்போது அவருக்கு 38 வயது, ரிடையர் ஆகியிருந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கூட்டம் நெரிந்தது. எதிரில் நின்றவர் ஜிம்மி எல்லிஸ்.

"அடிக்கவே இல்லப்பா. ரெண்டு பேரும் தொட்டுத் தொட்டு வெளாடிக்கினு இருந்தாங்க. டிக்கெட்டு காசு தண்டம்னு திட்டிக்கினே வந்தேன்."

எல்லிஸ் யார் என்று நான் தேடிப் படித்ததைத் தாத்தாவிடம் சொன்னேன். அலியும் எல்லிஸும் ஒரே ஊர், லூயிவில். சின்ன வயதில் அமெச்சூராக இரண்டு தடவை மோதி ஆளுக்கு ஒன்று ஜெயித்தவர்கள். அப்புறம் எல்லிஸ், அலியிடமே பயிற்சிக் குத்து வாங்குகிற ஆளாக இருந்தார். அலிக்கு லைஸென்ஸ் போன காலத்தில், 1968ல், ஒரு சங்கத்தின் உலகச் சாம்பியனே ஆனார். 1970ல் ஃப்ரேஸியர் அவரை நாலு ரவுண்டில் முடித்தார். 1971 ஜூலையில் அலியும் எல்லிஸும் நிஜமாகவே மோதினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், ஏஞ்சலோ டண்டீ. அன்றைக்கு டண்டீ நின்றது எல்லிஸின் மூலையில்! அலி ஜெயித்தார், 12வது ரவுண்டில். இவ்வளவு நடந்த பிறகும் இரண்டு பேரும் சிநேகிதர்களாகவே இருந்து, ஒன்பது வருஷம் கழித்து நம் நேரு ஸ்டேடியத்தில் சிரித்துக்கொண்டு தொட்டு விளையாடினார்கள்.

இந்தக் கதையை வைத்து எந்த முதலாளியும் மேளம் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் எல்லிஸையும் ஏதோ ஒரு மிருகத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பு மதராஸ் வரைக்கும் வந்திருக்காது.

ஆனால் அதே 1980 அக்டோபரில் அலியைத் திரும்பவும் நிஜ ரிங்கில் ஏற்றினார்கள். பழைய பெயருக்கு அத்தனை விலை! எதிரில் லாரி ஹோம்ஸ். அவரும் ஒரு காலத்தில் அலியின் பயிற்சி ஆள். பத்து ரவுண்டு, ஒரே பக்க அடி. பத்தாவது முடிந்ததும் டண்டீ நிறுத்திவிட்டார். அடித்த ஹோம்ஸ் அழுதார். எட்டு ஒன்பது மாதத்துக்கு முன்னால் நேரு ஸ்டேடியத்தில் கையாட்டின அதே அலி.

"தொட்டு வெளாடினதே போதும்னு உட்டிருக்கலாம்" என்றார் தாத்தா.

*

2024 டிசம்பர் 22, மறுபடி ஞாயிறு, மறுபடி விடியற்காலை, மறுபடி அதே மூன்று பேர். ஃப்யூரி மறு போட்டி கேட்டிருந்தார். இதற்குள் நாலு பெல்ட்டில் ஒன்று உஸிக் கையைவிட்டுப் போயிருந்தது. மறு போட்டிக்குப் போகிறாயா, நாங்கள் சொல்கிற ஆளோடு மோதுகிறாயா என்று ஒரு சங்கம் கேட்டதால் அவரே விட்டுக்கொடுத்தார். 24 வருஷம் காத்திருந்து சேர்ந்த நாலு பெல்ட் கூட்டுக் குடும்பம், இரண்டு மாதம்கூட நிற்கவில்லை!

எடை போட்டார்கள். ஃப்யூரி 281 பவுண்டு. உஸிக் 226. மளிகைக் கடைக் கணக்கில் சொன்னால் வித்தியாசம் சரியாக ஒரு 25 கிலோ அரிசி மூட்டை. ஃப்யூரி ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்த மாதிரி.

இந்தத் தடவை பில்டப்பில் புதுசு: இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து முறைக்கச் சொன்னார்கள். முறைத்தார்கள். 11 நிமிஷம்! யாரும் கண்ணை எடுக்கவில்லை. மூன்று ரவுண்டுக்கு மேல் ஆகிற நேரம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஆவடி வண்டியை விட்டவன் அடுத்த வண்டிக்குக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டான்.

சண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை முடிவு எட்டாவது ரவுண்டிலேயே தெரிந்துவிட்டது. மூன்று நடுவர்களும் 116-112 என்று உஸிக்குக்கே போட்டார்கள். சோதனைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் நடுவரையும் உட்காரவைத்திருந்தார்கள், அது 118-112. கம்ப்யூட்டருக்கு இரக்கம் குறைவு. ஃப்யூரி, நான்தான் ஜெயித்தேன், அவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்றார்.

இதெல்லாம் பரவாயில்லை. டியாண்டே வைல்டர் என்று ஒருவர், 2020ல் இதே ஃப்யூரியிடம் தோற்றதற்கு, ரிங்குக்கு நடந்து வரும்போது போட்டிருந்த அலங்கார உடை 18 கிலோவுக்கு மேல், அதில் கால் சோர்ந்துவிட்டது என்றார். கல்யாண மாப்பிள்ளைகள் கவனிக்கவும். ஆனால் அந்த வைல்டர் 2021ல் மூன்றாவது தடவையும் வந்தார். ஃப்யூரியை இரண்டு தடவை கீழே தள்ளி, தான் மூன்று தடவை விழுந்து, 11வது ரவுண்டில்தான் அடங்கினார். உடையைப் பற்றிச் சொன்ன சாக்கு அன்றோடு எனக்கு மன்னிப்பாயிற்று.

என் தீர்ப்பு, யாரும் கேட்காவிட்டாலும்: மே மாதத்துச் சண்டைக்கு முழு மார்க். டிசம்பருக்குப் பாதி. முறைத்துப் பார்த்த 11 நிமிஷத்துக்கு மைனஸ்.

டி.வி.யை அணைக்கும்போது மணி ஐந்து. வாசலில் மனைவி கோலத்தை முடித்துவிட்டிருந்தாள். மார்கழி ஏழாம் தேதி. "எழுந்ததுதான் எழுந்தீங்க. அப்படியே கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். இந்தத் தடவை பதில் சொல்லாமல் நழுவ முடியவில்லை. மூன்று பேரும் பல் தேய்த்துக் குளித்துவிட்டு மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களோடு தொண்டைமான் சக்கரவர்த்தி சண்டைக்கு வந்தான். முதலில் முடியவில்லை, பின்வாங்கினான். திரும்பும் வழியில் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்க, வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. சிவன் தோன்றி, நந்தியைத் துணைக்கு அனுப்பினார். மறு போட்டியில் தொண்டைமான் ஜெயித்தான். அதனால்தான் இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல், சண்டைக்குக் கிளம்புகிற மாதிரி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தாத்தா அன்றைக்கு அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்தத் தூணு யாருதுன்னு தெரியுமா?"

"குறும்பர் கோட்டையிலேருந்து தொண்டைமான் கொண்டுவந்ததுன்னு சொல்வாங்க தாத்தா."

"தோத்தவன் வூட்டுத் தூணு" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாருக்குப் போட்டுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். சிநேகிதன் ஒரு கையில் பொங்கலும் மறு கையில் செல்போனுமாக இருந்தவன் திடீரென்று கத்தினான்.

"மச்சான்! மூணாவது சண்டை வருமான்னு அதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டானுங்கடா!"

தாத்தா விரலை நக்கிக்கொண்டே கேட்டார்:

"எத்தினி மணிக்கு?"